பிறர் தந்த மூச்சு

2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து விடியற்பொழுதொன்றில், வன்னியிலுள்ள சிறிய வைத்தியசாலையொன்றிலிருந்து நகரத்துப் பெரிய வைத்தியசாலையை நோக்கி விரைந்த அம்புலன்சில், என் மாணவன் ஒருவனின் மூச்சு சில நிமிடங்கள் என் கையில் இருந்தது. அந்நிமிடங்களைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக என்னிடம் உண்டு.

அவன் உயர்தர வகுப்பில் பயின்றவன். மண்தரையிற் பாய் விரித்துத் துயின்றவனைக் கட்டுவிரியன் தீண்டியிருந்தது. அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்லின் தடம்கூடத் தெரியாமற் போவதுண்டு. நள்ளிரவுக்குப் பின் வயிற்றுவலி என்று எழுந்தான். பின்னர் இமைகள் சரிந்தன; நாக்குக் குழறியது; ஈற்றில் நெஞ்சின் தசைகளும் ஓய்ந்தன. தந்தை கூலிவேலைக்காக வேற்றூர் சென்றிருந்தமையால், தாய் என்னை வந்து எழுப்பினார்.

சிறிய வைத்தியசாலையின் இளம் வைத்தியர் அவனது மூச்சுக்குழாயினுள் குழாயொன்றைச் செலுத்தி, அதன் முனையில் ஓர் இறப்பர்ப் பையைப் பொருத்தினார். உடன்வந்த ஆண் தாதி வழிநெடுக அப்பையை அழுத்திக்கொண்டிருந்தார். பாதி வழியிற் கை சோர்ந்தபோது என்னிடம் தந்தார்.

பதற்றத்தில் என் மூச்சு எவ்வளவு வேகமாக ஓடியதோ, அவ்வளவு வேகமாக நானும் அழுத்தினேன்.

"மாஸ்ரர், உங்கட மூச்சைப் பார்க்காதையுங்கோ. ஐந்து வரை எண்ணி ஒருதரம் அமத்துங்கோ. நெஞ்சு எழும்பினாற் காணும்" என்றார் அவர்.

சுவாசப்பொறியின் முதற்பாடத்தை நான் அவரிடமே கற்றேன். கொடுக்கும் மூச்சு, கொடுப்பவனின் பதற்றத்தால் அன்றி, பெறுபவனின் தேவையால் அளக்கப்பட வேண்டும்.

பெரிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பையின் இடத்தை ஓர் இயந்திரம் பெற்றது. அதன் திரையில் ஒளிர்ந்த எண்களை அங்கிருந்த வைத்தியர் ஒருவர் எனக்குப் பொறுமையுடன் விளக்கினார். ஒரு தடவை எவ்வளவு காற்று, நிமிடத்துக்கு எத்தனை தடவை, அக்காற்றில் ஒட்சிசன் எத்தனை வீதம், மூச்சு வெளியேறிய பின்னரும் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க எவ்வளவு அமுக்கம் எஞ்சவேண்டும் என்பனவே அவ்வெண்கள். காற்றின் அளவைத் தராசில் நிற்கும் எடையைக் கொண்டு முடிவுசெய்வதில்லை. நுரையீரலின் பருமன் உயரத்தைப் பொறுத்ததாகையால், உயரத்துக்கு உரிய எடையைக் கணித்து, கிலோகிராமுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் வரை கொடுப்பர். கணித்த எடை 50 கிலோகிராம் ஆயின், ஒரு மூச்சு 300 முதல் 400 மில்லிலீற்றர்.

அதிகமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். நுரையீரல் புண்படும் என்றார். கடுமையாகப் பாதிக்கப்பட்ட நுரையீரல் உடையோரிடையே அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கிலோகிராமுக்கு 12 மில்லிலீற்றர் பெற்றோரில் நூற்றுக்கு 40 பேரளவில் இறந்தனர். 6 மில்லிலீற்றர் பெற்றோரில் 31 பேர் இறந்தனர். கொடையிலும் அளவு மீறினாற் கேடு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இயந்திரத்தின் முறைகளும் பலவாகும். நோயாளியால் எதுவும் இயலாதபோது மூச்சின் எண்ணிக்கை, அளவு இரண்டையும் இயந்திரமே ஏற்கும். அவன் சிறிது முயலத் தொடங்கியதும், அம்முயற்சியை உணர்ந்து, அதற்கு விடையாக மூச்சளிக்கும். அவன் மேலும் தேறியபின், எப்போது மூச்செடுப்பது என்பதை அவனிடமே விட்டுவிட்டு, அமுக்கத்தால் மட்டும் துணைநிற்கும். இறுதியில் விலகிக்கொள்ளும்.

இயந்திரம் நஞ்சை முறிப்பதில்லை. நரம்பு நுனிகளைச் சிதைத்துவிட்ட நஞ்சின் விளைவை நஞ்செதிர் மருந்தும் உடனே மாற்றுவதில்லை. நரம்பு நுனிகள் மீண்டும் வளரும்வரை உயிரைத் தாங்கி நிற்பதே இயந்திரத்தின் பணி. அசைவற்றுக் கிடந்த மகனுக்கு நினைவில்லை என்றெண்ணித் தாய் அழுதார். "அம்மா, அவருக்கு எல்லாம் கேட்கும். கதையுங்கோ" என்றார் அங்கிருந்த தாதி. ஐந்து நாட்கள் தாய் கதைத்தார். ஆறாம் நாள் அவனது விரல் அசைந்தது.

இச்சிகிச்சையின் வரலாற்றை நான் பின்னரே படித்தறிந்தேன். 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. நோயாளர் குவிந்த பிளெக்டம் வைத்தியசாலையில், உடலை உள்ளடக்கி வெளியிலிருந்து நெஞ்சை விரியச்செய்யும் இரும்புப் பேழை ஒன்றும், மார்பிற் பூட்டும் கருவிகள் ஆறுமே இருந்தன. அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். ஆவணி 27ஆம் திகதி, பியோர்ன் இப்சன் என்னும் வைத்தியர், பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் தொண்டையில் துளையிட்டுப் பொருத்தப்பட்ட குழாயினூடாக, பையை அழுத்திக் காற்றை உட்செலுத்தினார். அவள் பிழைத்தாள். ஆனால் ஏனையோருக்குப் பையை அழுத்த இயந்திரம் ஏது? மருத்துவ மாணவரும் பல் மருத்துவ மாணவருமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் கையால் அழுத்தினர். இறப்பு மிகப் பெரிதும் குறைந்தது. அக்கைகளின் தொழிலையே பின்னர் இயந்திரங்கள் பரவலாக ஏற்றுக்கொண்டன. அம்புலன்சில் நான் சில நிமிடங்களே செய்து சோர்ந்த வேலை அது.

என் மாணவன் வீடு திரும்பினான். அரசாங்க வைத்தியசாலையாதலால் எவரும் அவர்களிடம் கட்டணம் கேட்கவில்லை. ஓர் ஏழையின் மகனுக்காக விஞ்ஞானமும் வைத்தியரும் தாதியரும் இரவு பகலாகத் திரண்டு நின்றதைக் கண்ணாரக் கண்டேன். மக்களின் பொதுச்சொத்து என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆயினும், அவனைப் பார்க்கச் சென்ற நாளில், அதே மண்தரையில் அதே பாய் விரிந்திருந்தது. தரையிற் படுப்போரையே கட்டுவிரியன் பெரும்பாலும் தீண்டுகிறது. உயர்ந்த ஒரு கட்டிலும், ஓரங்களைச் செருகிய ஒரு நுளம்புவலையும் அக்கடியைப் பெரிதும் தடுக்கவல்லன. ஆசிரியர்கள் சேர்ந்து அவ்வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தோம். அயலில் இருந்த வீடுகளிலோ அன்றிரவும் பிள்ளைகள் தரையில்தான் உறங்கினர். அவர்களுள் மூவர் என் வகுப்பு மாணவர்.

மூச்சு நின்றபின் ஓர் உயிருக்காக இத்தனை கைகளைத் திரட்டத் தெரிந்த நமது சமுதாயம், மூச்சு நிற்குமுன் ஒரு கட்டிலைக் கொடுக்க ஏன் தவறுகிறது? கட்டில் மருத்துவத்தில் அடங்காது என்பார்கள். எது மருத்துவம், எது வாழ்வு என்று பிரித்துப் பார்க்கும் அறிவைப் பாம்பு பெற்றிருக்கவில்லை. என் மாணவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க முயல்கிறேன்.