கைதட்டினீங்களா?

அர்ஜென்டினாவுல ஞாயிற்றுக்கிழமைன்னா 'அசாதோ'. மாட்டு விலாவைக் குறுக்கே நறுக்கி, வெறும் உப்பு போட்டு, தீ அடங்கின தணல்ல பொறுமையா வாட்டுவாங்க. முதல்ல சோரிசோ; அப்புறம்தான் விலாவும், இடுப்புப் பக்கக் கறியும். அந்தக் கறிக்குப் பேர் 'பசியோ'! அவங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் 'காலி'. மணிக்கணக்கா அடுப்பை விட்டு நகராதவர் 'அசாதோர்'. சாப்பிடும்போது யாராவது குரல் கொடுப்பாங்க: "அசாதோருக்கு ஒரு கைதட்டல்!" மொத்தப் பேரும் தட்டுவாங்க.

லீவுல வீட்ல இதை வீடியோவுல பார்த்தப்போ என் தட்டுல நாலாவது தோசை. அம்மா இன்னும் அடுப்படியில, சாப்பிடாம. இத்தனை வருஷத்துல நான் சொன்னதெல்லாம் "உப்பு கம்மி"தான்.

எழுந்து போய்க் கைதட்டினேன்.

"லூசாடா நீ?"ன்னாங்க.

கரண்டியை வாங்கிட்டு அம்மாவை உட்கார வெச்சேன். என் தோசை கருகிடுச்சு. அம்மா கைதட்டினாங்க.