ஓராண்டுக்கு இன்னொரு வீடு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளில் கரையாம்புத்தூரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். “பதினொண்ணுல என்ன குரூப்பு?” பயாலஜி என்றால் ஒரு பார்வை, காமர்ஸ் என்றால் வேறொரு பார்வை. நடுவில் ஒரு சித்தப்பா புகுந்து, “எதுக்கு அதெல்லாம், பாலிடெக்னிக்ல போடு” என்பார். “ஒரு வருஷம் வேற நாட்டுல, யாரோ ஒருத்தர் வீட்டுல தங்கி, அங்க இருக்குற பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வர்றியா பாப்பா?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமில்லை. பல நாடுகளில் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சாதாரணமாகவே கேட்கிறார்கள். மாணவர் பரிமாற்றம் என்று அதற்குப் பெயர். பட்டம் வாங்கப் போவதல்ல, வேலைக்குப் போவதுமல்ல. ஒரு கல்வியாண்டு முழுக்க இன்னொரு குடும்பத்தில் பிள்ளையாக இருந்துவிட்டுத் திரும்பி வருவது.

இதன் ஆரம்பம் போர்க்களத்தில் இருக்கிறது. 1915-ல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கு முன்பே, பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க இளைஞர்கள் தாங்களாகவே ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார்கள். அந்த அமைப்பின் பெயர் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் வண்டி ஓட்டினார்கள், இந்தியா–பர்மா எல்லை உட்பட. போர் முடிந்ததும் இவர்களுக்கு ஒரு யோசனை. பெரியவர்கள் ஆன பிறகு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்கு முன்னால், பிள்ளைகளாக இருக்கும்போதே ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டுமே! 1947-ல் முதல் மாணவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். இன்று ஏ.எஃப்.எஸ். இந்தியாவிலும் இயங்குகிறது. ரோட்டரி சங்கங்களின் இளைஞர் பரிமாற்றம் இன்னொரு வழி. அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-ல் தொடங்கிய கென்னடி–லூகர் ‘யெஸ்’ திட்டம் மூன்றாவது. அதில் இந்திய மாணவர்களும் இடம்பெற்று வந்திருக்கிறார்கள்.

பணம்? ரோட்டரியில் விமான டிக்கெட்டும் காப்பீடும் பெற்றோர் பொறுப்பு. தங்க இடமும் சாப்பாடும் அங்குள்ள குடும்பம் தருவது. ‘யெஸ்’ திட்டத்தில் தேர்வாகிவிட்டால் செலவு மொத்தமும் உதவித்தொகைதான். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் போடுகிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கரையாம்புத்தூர்ப் பெண் ஒருத்தி அப்படித் தேர்வாகி அயோவா மாநிலத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் போய் இறங்குகிறாள். கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும். வயல் அவளுக்குப் புதிதல்ல. வயலில் ஆளே இல்லாததுதான் புதிது.

முதல் சிக்கல் சாப்பாடாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆயா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி ஒரு மாதம் தாங்கும், அதற்குள் நாக்கு பழகிவிடும். நிஜமான சிக்கல் கூப்பிடுவதில் வரும். அந்த வீட்டு அம்மாள், “என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு” என்பார். ஐம்பது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் ஊர்ப் பிள்ளைக்கு நாக்கு எழுமா? ‘ஆன்ட்டி’ என்றால் அவருக்குப் புரியாது. அவர் அத்தை இல்லையே. அதனால் கூப்பிடாமலே காலம் தள்ளுவாள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பாள். அந்த அம்மாளோ, “இந்தப் பெண் ஏன் சத்தமில்லாமல் வந்து நிற்கிறாள்?” என்று கவலைப்படுவார்.

அடுத்தது மவுனம். பள்ளியில் ஆங்கிலம் படித்தவள்தான், நல்ல மார்க்கும் வாங்கியவள்தான். ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது, நகைச்சுவை புரிந்து அவள் சிரிக்கத் தொடங்குவதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் அங்கே ‘அமைதியான பெண்’. வீட்டு ஏக்கத்தைவிட இதுதான் அதிகம் உறுத்தும். தன் குணமே ஊரில் தங்கிவிட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்ததும் வேறெந்தக் காரணமும் இல்லாமல் தூக்கம் தூக்கமாக வரும். நாள் முழுக்க இன்னொரு மொழியைக் காதால் துரத்திக்கொண்டே இருந்தால் அப்படித்தான்.

அயோவாவில் சாயங்காலம் 6 மணி என்றால் இங்கே விடியற்காலை 4.30. அம்மா அலாரம் வைத்து எழுந்து வீடியோ காலில் வருவாள். பின்னால் சேவல் கூவும். தினம் அப்படிப் பேசினால் பிள்ளை ஊரை விட்டுப் போகவே இல்லை என்று அர்த்தம். அதனால்தான் தொடக்க மாதங்களில் வீட்டோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எந்த அம்மாவுக்கும் கோபம் வரக்கூடிய யோசனை இது. ஆனால் சரியான யோசனை.

பரிமாற்றம் என்ற சொல்லில் பாதி நமக்கு மறந்துவிடுகிறது. போவது ஒரு பாதி. மறுபாதி, வரவைப்பது. பல ரோட்டரி சங்கங்களில் பிள்ளையை அனுப்புகிற குடும்பம் அங்கிருந்து வரும் ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அமெரிக்க மாணவர்களை வெளியே அனுப்பும் ‘யெஸ் அப்ராட்’ திட்டத்திலும் இந்தியா இருந்திருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர்களைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒருவர் வெங்காயம் உரித்துப் பார்த்த பிள்ளை எத்தனை? “நம்ம வீட்டுல ஒரே ரூமு, கொசுக்கடி வேற, அந்தப் புள்ள எங்க படுக்கும்?” என்ற கேள்விதான் முதலில் வரும். அது கூச்சம். அதன் அடியில் பயமும் இருக்கிறது: நம் வீட்டை வேறொருவர் கண்ணால் பார்க்க நேருமே என்று.

வெளியூர்ப் பிள்ளையை வைத்துச் சோறு போடுவது இந்த மண்ணுக்குப் புதிதுமில்லை. பக்கத்துப் பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அந்தக் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறது. படிப்பவர்களுக்கும் படிப்பிப்பவர்களுக்கும் சோற்றுக்கு வழி என்ன என்ற கேள்விக்கு அன்றைக்கே மூன்று ஊர் அளவுக்குப் பதில் இருந்திருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கரையாம்புத்தூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோடு, 1954 நவம்பர் 1-ல் அவன் கையிலிருந்து நிர்வாகம் மாறிய பிறகும் அப்படியே கிடக்கிறது. பெட்ரோல் விலையும் சாராயக் கடையும் தவிர அந்தக் கோடு யார் கண்ணுக்கும் படுவதில்லை. ஆனால் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் 50 பேரை பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் அனுப்பியபோதும், 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு மாணவர்களை அழைத்துப் போனபோதும் அந்தக் கோடு தெரிந்திருக்கும். ஒரே வாய்க்கால் தண்ணீர் பாயும் இரண்டு ஊர்; ஒரு ஊர்ப் பிள்ளை அந்தப் பட்டியலில் வரலாம், மற்ற ஊர்ப் பிள்ளை வர முடியாது.

அவை சில நாள் கல்விச் சுற்றுலாக்கள்தான். ஜப்பான் 2014-ல் தொடங்கிய சகுரா அறிவியல் பரிமாற்றமும் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார அளவில் முடிந்துவிடுவதே. அதற்காக அவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். விமானத்தில் ஏறி இறங்கிய பிள்ளைக்கு உலகம் படத்திலிருந்து வெளியே வந்துவிடும். ஆனால் சுற்றுலாவில் எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஓராண்டு தங்கினால்தான் யாராவது நம்மீது கோபப்படுவார்கள். “சாப்பிட்ட தட்டை ஏன் அப்படியே வைத்துவிட்டுப் போனாய்?” என்று அந்த வீட்டு அப்பா கேட்கும் நாளில்தான் விருந்தாளி பிள்ளையாகிறாள்.

பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்ற பயம் நியாயமானதே. அதை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. அமெரிக்காவில் இதற்குச் சட்ட விதிகள் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. குடும்பத்தின் பின்னணியை முன்பே விசாரிக்க வேண்டும். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் குடும்பத்தை மாற்றுவார்கள். விதி இருப்பதாலேயே எல்லாம் சரியாக நடந்துவிடும் என்பதில்லை. யாரிடம், எந்த எண்ணில் பேசுவது என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வருவதும் லேசில்லை. ஓராண்டு அங்கே படித்தது பெரும்பாலும் இங்கே பதினொன்றாம் வகுப்பாகக் கணக்கில் வராது. தோழிகள் பன்னிரண்டில் இருப்பார்கள், இவள் தன்னைவிடச் சின்னவர்களோடு பதினொன்றில் உட்காருவாள். “ஒரு வருஷம் வேஸ்ட்டு” என்று சித்தப்பா மறுபடி வருவார். வீட்டிலும் சின்னச் சின்ன முரண்டுகள். தோசை வைத்த அம்மாவிடம் பழக்கதோஷத்தில் “தேங்க்ஸ்மா” என்பாள். “ஏன்டி, நான் என்ன அசலூர்க்காரியா?” என்று அம்மாவுக்குச் சுருக்கென்று வரும். நன்றி சொன்னால் தூரம் என்று ஒரு வீடு. சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று இன்னொரு வீடு. இரண்டிலும் பிள்ளையாக இருந்தவளுக்கு மட்டும்தான் இரண்டும் சரி என்று தெரியும். அம்மாவுக்கு அதைப் புரியவைக்க அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும். தட்டைத் தானே கழுவி வைக்கத் தொடங்கினால் அந்த நாள் குறையலாம்.

ஆசைப்படும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் தாமதம். விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல் எல்லாம் ஏறக்குறைய ஓராண்டு முன்பே தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு அம்மா, அப்பா இருவரின் சம்மதமும் தேவை. அதற்கும் முன்னால் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளையின் பெயரும் இனிஷியலும் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.