குட்டி எப்போது கத்துகிறது?

கிள்ளையில் ஒரு விவசாயி வீடு. 13 வருடம் ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருந்த நாய், சம்பா நடவுக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போனது. ஏழு ஆடுகளையும் காவல் இல்லாமல் விட அவருக்கு மனமில்லை. புவனகிரியில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு குட்டியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பிறந்து 35 நாள்தான் ஆகியிருந்தது. தாய்ப்பால் மறக்காத குட்டி.

மறுநாளே அதைத் தோப்போரம் இருந்த பட்டியில் கட்டிவிட்டு, கணவனும் மனைவியும் நடவுக்குக் கிளம்பினார்கள். பைக் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கத்தல் ஆரம்பித்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் கயிறு கடித்துக் குதறிக் கிடந்தது. பட்டிப் படலைப் பிறாண்டியதில் நகத்தில் ரத்தம். வைத்த பால்சோறு அப்படியே இருந்தது.

"ஊளையிடுற நாய் வீட்டுக்கு ஆகாதுப்பா" என்றார் அவருடைய அம்மா. "ரெண்டு போடுங்க, தானா அடங்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போட்டும் பார்த்தார். அன்று இன்னும் அதிகமாகக் கத்தியது. ஐந்தாம் நாள், "ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்துவிட்டார்.

எட்டாவது படிக்கும் மகள்தான் மறித்தாள். "அப்பா, நேத்து லீவுன்னு நான் பட்டியிலேயே உட்கார்ந்து படிச்சேன். ஒரு தடவைகூட கத்தல. வச்ச சோத்தையும் தின்னுடுச்சி. சேட்டைன்னா நான் இருந்தாலும் பண்ணியிருக்குமில்ல?"

பை கீழே இறங்கியது. குட்டியை அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனார்கள். மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குடற்புழு மருந்து கொடுத்தார். "உடம்புல நோவு எதுவுமில்ல. தனியா இருக்கப் பயப்படுது. எட்டு வாரம் தாயோட இருக்க வேண்டிய குட்டி இது" என்றார்.

அந்தச் சிறுமி கவனித்ததுதான் இதில் முக்கியம். குட்டி கத்துகிறதா என்பதைவிட, எப்போது கத்துகிறது என்று பார்க்க வேண்டும். ஆள் கிளம்பிய சில நிமிடங்களில் கத்தல், வாசலையோ படலையோ பிறாண்டுதல், தனியாக இருக்கும்போது தீனி தொடாமல் ஆள் வந்ததும் தின்பது, தனிமையில் எச்சில் ஒழுகுவது, மூத்திரம் போய்விடுவது: இவை பிரிவுப் பயத்தின் அடையாளங்கள். ஆள் இருக்கும்போதும் சோர்ந்து கிடந்து, வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் அது நோய். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குரல் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால் வெறிநோயாக இருக்கலாம். கையால் தொடவே கூடாது. அப்படிப்பட்ட நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் சொன்ன வழிக்குக் காசு செலவில்லை, பொறுமைதான் செலவு. குட்டியின் படுக்கை பட்டியிலிருந்து திண்ணைக்கு, பாட்டியின் கட்டிலுக்கு அடியில் வந்தது. அவருடைய பழைய லுங்கியை விரித்தார்கள். அவர் வாசனை அதில் இருந்தது. தினமும் அவர் செருப்பை மாட்டுவார், பைக் சாவியை எடுப்பார், போகாமல் உட்கார்ந்துகொள்வார். பிறகு பத்து விநாடி வெளியே போய், குட்டி கத்துவதற்குள் திரும்பிவிடுவார். அது ஒரு நிமிடமானது, ஐந்து நிமிடமானது. கத்தினால் மறுநாள் நேரத்தைக் குறைத்தார். கிளம்பும்போது கொஞ்சவில்லை, திரும்பியதும் குட்டி துள்ளி அடங்கிய பிறகுதான் தூக்கினார். அடி அறவே நின்றது. பயந்த குட்டியை அடித்தால் பயம்தான் கூடும்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. நடவு வேலைக்கு நடுவில் இரண்டு முறை அவருக்கே சலித்துப்போனது. மாதம் ஒன்று கடந்த பிறகுதான் பாதி நாள் தனியாக இருக்கப் பழகியது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். அதற்குப் பிறகு ஆடுகளோடு பட்டிக்குப் பழக்கினார்கள்.

இப்போது காலையில் பைக் சத்தம் கேட்டால் ஒரு காது நிமிர்கிறது. சத்தம் தேய்ந்ததும் தலையைக் கால்மேல் வைத்துப் படுத்துக்கொள்கிறது. "எங்க போயிடப்போறான், வந்துடுவான்" என்று அதனிடம் சொல்வது, ஊளை ஆகாது என்ற அதே பாட்டிதான்.