லைசென்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது

மும்பையில் ஒரு பார் நடத்த எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டும் தெரியுமா? எனக்கும் 2016 வரை தெரியாது. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். அந்தேரி பக்கம் ஒரு கிளையில் லோன் சீட்டில் உட்கார்ந்த புதிதில்தான் அந்த ஃபைல் வந்தது. இரண்டு மாடிக் கட்டடம், மேல் மாடியில் ரெஸ்டாரண்ட் கம் பார், மூலையில் சின்ன மேடை, சாயங்காலமானால் கஜல். புதுப்பிக்க 18 லட்சம் கேட்டிருந்தார் பார்ட்டி. (எங்கள் பாஷையில் கடன் வாங்குகிறவர்தான் பார்ட்டி. வேறு அர்த்தம் வேண்டாம்.)

ஃபைல் நல்ல கனம். மாநகராட்சி சுகாதாரத் துறையின் லைசென்ஸ், தீயணைப்புத் துறையின் என்.ஓ.சி., மாநிலக் கலால் துறையின் மது லைசென்ஸ், பாட்டு மேடைக்குப் போலீஸ் லைசென்ஸ், உணவுப் பாதுகாப்புச் சான்று, கடைப் பதிவு. மொட்டை மாடித் தார்பாய்க் கூரைக்குக்கூட ஒரு பேப்பர் இருந்தது. மழைக்காலத்துக்கு மட்டும் தற்காலிகக் கூரை போட்டுக்கொள்ள இங்கே மாநகராட்சி அனுமதி கொடுக்கும். மழை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். நான் இன்ஸ்பெக்‌ஷன் போனது பிப்ரவரியில். கூரை ஜம்மென்று இருந்தது.

அது கூடப் பரவாயில்லை. பின்பக்கம் ஒரு மாடிப்படி உண்டு, என்.ஓ.சி. வரைபடத்தில் அவசர வழி என்று போட்டிருந்தது. கதவைத் திறந்தால் படி தெரியவில்லை. பீர் கிரேட். தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு.

"சாயங்காலம் எடுத்துடுவோம் சாப், ஸ்டாக் இப்பதான் வந்தது" என்றார் முதலாளி. மங்களூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், இருபது பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பவர். எங்கள் செக்லிஸ்டைப் பார்த்தேன். லைசென்ஸ் நகல் உண்டா, காலாவதி தேதி என்ன, இன்ஷூரன்ஸ் உண்டா என்று எல்லாம் இருந்தது. மாடிப்படியைப் பற்றி ஒரு வரி இல்லை. 'இடம் பார்வையிடப்பட்டது, திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2017 டிசம்பர் 29 காலையில் டி.வி.யைப் போட்டால் கமலா மில்ஸ். லோயர் பரேலில் பழைய மில் வளாகத்தில் இரண்டு மொட்டைமாடி பப்கள் நள்ளிரவு தாண்டி எரிந்து 14 பேர் இறந்திருந்தார்கள். பலர் தீயில் இல்லை. புகைக்குப் பயந்து கழிவறைக்குள் ஓடி, அங்கேயே மூச்சு முட்டி. ஹூக்கா கரியிலிருந்து பறந்த பொறிதான் காரணம் என்று பிறகு தீயணைப்புத் துறை அறிக்கை கொடுத்தது. மொட்டைமாடி உணவகங்களுக்கு மாநகராட்சி கொள்கை வகுத்து அனுமதித்தது அதே வருஷம் நவம்பரில்தான்.

எனக்குக் கழிவறை செய்தியைப் படித்ததும் கிரேட்தான் ஞாபகம் வந்தது. 1997ல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் செத்தபோது நான் காலேஜில் சேர்ந்த சமயம். வெளியேறும் வழியை அடைத்துக் கூடுதல் சீட் போட்டிருந்தார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவனை உள்ளே தள்ள வேண்டும் என்று டீக்கடையில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். நிற்க.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துப் போனேன். கிரேட் இருந்தது. கோபமாகக் கேட்டதும் பையன்கள் அரை மணியில் காலி செய்தார்கள். அந்த வாரக் கடைசியில் மாநகராட்சி நகரம் பூராவும் முன்னூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இடித்துத் தள்ளியது. நம்ம பார்ட்டியின் கூரையும் போயிற்று. ஜனவரி நடுவில் மறுபடி போய்ப் பார்த்தேன். கூரை இல்லை. பின் படியில் கிரேட் இருந்தது! மேல் வைத்திருந்த ஸ்டாக்கை வைக்க வேறு இடம் இல்லையாம். இடிக்க வந்தவர்கள் கூரையைப் பார்க்க வந்தவர்கள், படி அவர்கள் இலாகா இல்லை. மகாராஷ்டிரத்தின் 2006 தீத்தடுப்புச் சட்டப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் 'பி படிவம்' கொடுக்க வேண்டும், சாதனங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று. அதுவும் ஃபைலில் இருந்தது, அந்த மாதத் தேதியோடு. படிவம் கொடுப்பவர் லைசென்ஸ் பெற்ற ஏஜென்சிக்காரர், அவருக்குக் காசு கொடுப்பவர் நம்ம முதலாளி.

இந்த முறை ரிப்போர்ட்டில் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "இது நம்ம வேலையா? நாளைக்கு ஏதாவது ஆனா, தெரிஞ்சே லோன் வெச்சிருந்தோம்னு ஆகும். எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். எடுக்கவில்லை. புதுப்பிக்கும்போது படியின் போட்டோ வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். மூன்று மாசம் தவணை வரவில்லை, முதலாளி என் போனையும் எடுக்கவில்லை. எங்கே என்.பி.ஏ. ஆகிவிடுமோ என்று தூக்கம் போயிற்று. கடைசியில் பக்கத்துச் சந்தில் ஒரு குடோன் வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்தார். "மாசம் எட்டாயிரம் சாப், உங்களால" என்றார். 2021ல் கடன் அடைத்த அன்று ஸ்வீட் பாக்ஸ் எல்லோருக்கும் கொடுத்தார், என்னைத் தவிர.

இப்போதெல்லாம் எந்த ஓட்டலுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் பின்பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன். தங்கமணிக்கு இதில் பயங்கரக் கடுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை தாதரில் அப்படித்தான் கதவைத் தேடிக்கொண்டிருந்தேன். சர்வர் பையன் ஓடி வந்து, "டாய்லெட் அந்தப் பக்கம் சார்" என்று கை காட்டினான்.