கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்

மதுரையில் ஒரு பெண் எந்த நேரத்திலும் வீட்டை விட்டுக் கிளம்பலாம். "கோயிலுக்கு" என்று சொன்னால் போதும். விடியாத நாலரை மணியானாலும் சரி, அர்த்தஜாமப் பூசையானாலும் சரி, மாமியார் தடுக்க மாட்டார், பக்கத்து வீட்டு மதினி ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார். அதே பெண் "சும்மா கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "ஏன், வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்பார்கள். இல்லாவிட்டால், "டாக்டர் நடக்கச் சொன்னாரா?" ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தெருமுனை டீக்கடையில் அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் சாமி பேரைச் சொல்லித்தான் ஊர் சுற்றினேன். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் பக்தியைவிடக் காற்றாசை கொஞ்சம் கூடுதல். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாலையில் நேரே வீட்டுக்குப் போனால் நேரே அடுப்படி. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது மீனாட்சி கோயில். அம்மன் சன்னிதியில் நிற்பது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் பொற்றாமரைக் குளத்துப் படியில். அங்கே என்னைப்போல நிறையப் பேர் இருந்தார்கள். செருப்பில்லாத காலை நீட்டி, கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டாண்டாக முகம் தெரியும், பேர் தெரியாது. கோபுரம் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் உட்கார வருகிறார்கள். இரண்டாவதைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதவில்லை.

ஆடி வீதியில் சொற்பொழிவு நடக்கும், நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். கேட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். தல்லாகுளம் பக்கம் சபாவில் கச்சேரி கேட்கவும் போனதுண்டு. நல்ல பாட்டுத்தான். ஆனால் அங்கே வரிசையாக நாற்காலி. அசைந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இடைவேளையில் ஆண்கள் காப்பி குடிக்க வெளியே போக, பெண்கள் அவரவர் கைப்பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

ஒட்டியது சித்திரைத் திருவிழா. அதிலும் திருக்கல்யாணம் இல்லை, தேர் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த இரவைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அழகர்கோயிலிலிருந்து கிளம்பிய அழகரை மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பார்கள், அது எதிர்சேவை. பிறகு தல்லாகுளம் பெருமாள் கோயில். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையைப் போட்டுக்கொண்டு, தங்கக் குதிரையேறி, விடியும் நேரத்தில் ஆழ்வார்புரம் பக்கம் வைகையில் இறங்குவார். இவ்வளவும் டி.வி.யில் காட்டுவார்கள். டி.வி. காட்டாதது, இரவு இரண்டு மணிக்குக் கோரிப்பாளையம் சாலையில் பெண்கள் நடந்து போவதைத்தான். தனியாக, இரண்டு பேராக, பத்துப் பேராக, இடுப்பில் பிள்ளையோடு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. பிளாட்பாரத்தில் போர்வையை விரித்துக் குறட்டை விடும் பாட்டிகள். கையில் சர்க்கரைச் செம்போடு ஏ.வி. பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புதுப்பெண்கள். எங்கே பார்த்தாலும் நீர்மோர், பானகம், புளியோதரைப் பொட்டலம். தோப்பறையில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு பீய்ச்சி அடிக்கிற விடலைகள். போலீஸ்காரர் ஒலிபெருக்கியில், "தாய்மார்கள் கழுத்துச் சங்கிலியைச் சேலையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொள்ளவும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆமாம், திருடன் பயம் உண்டு. நெரிசல் பயமும் உண்டு. ஆனால் "இந்த நேரத்தில் உனக்கு இங்கே என்ன வேலை?" என்கிற கேள்வி மட்டும் அன்றைக்கு யார் வாயிலிருந்தும் வராது.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர், வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து கோபித்துக்கொண்டு திரும்பினார் என்று கதை. சைவ விழாவையும் வைணவ விழாவையும் திருமலை நாயக்கர் காலத்தில் ஒன்றாக இணைத்ததையொட்டி எழுந்த கதை அது என்பார்கள். ஆய்வாளர் தொ. பரமசிவன் தன் முனைவர் பட்ட ஆய்வையே அழகர் கோயிலை வைத்துத்தான் செய்தார். விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம். எனக்குப் பிடித்தது கதையின் மிச்சப் பகுதி. கோபித்துக்கொண்டவர் நேரே மலைக்கா திரும்புகிறார்? வண்டியூர் போகிறார், தேனூர் மண்டபம் போகிறார், இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டுகிறார், பூப்பல்லக்கு ஏறுகிறார், வழியில் இருக்கிற மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று, நாள்கணக்கில் கழித்துத்தான் வீடு போகிறார். வந்த காரியம் முடிந்த பிறகும் ஊர் சுற்றுகிற சாமி. அவர்மேல் எனக்குள்ள பிரியத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சித்திரை வருசத்துக்கு ஒரு முறைதானே? மற்ற நாளுக்கு?

கொஞ்ச காலமாகத் தெப்பக்குளம் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் வெட்டியது, ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் அடி. நான் வந்த புதிதில் அது பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் நிரப்புவார்கள். மற்ற நாளில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சுற்றியிருக்கும் கைப்பிடிச் சுவர் முழுக்க ஆண்கள். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகு அந்த இடம் வேறாகிவிட்டது. மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் தளும்பி நிற்க, அந்திக் காற்று குளிர்ந்தது. குடும்பங்கள் வந்தன, தள்ளுவண்டிகள் வந்தன, விளக்கு வந்தது. இப்போது சுவரில் பாதிக்குப் பாதி பெண்கள். பருத்திப்பாலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித்தான். தண்ணீர் வந்தால் பயிர் விளையும் என்பது தெரியும். இதுவும் விளையும் என்று எனக்குத் தெரியாது. வண்டி நெரிசலும் ஆரன் சத்தமும் மட்டும் குறைந்தால் இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

மலைக்குப் போனது தனிக்கதை. மதுரையைச் சுற்றி யானைமலை, சமணர்மலை, நாகமலை, அழகர்மலை என்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு பாறை நிற்கும். பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ வருசம் பார்த்தவைதான். ஏறியதில்லை. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய 'பசுமை நடை' பற்றி அலுவலகத் தோழியின் மகள் சொன்னாள். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைப்பதாக ஒரு திட்டம் கிளம்பி, நரசிங்கம் ஊர்க்காரர்கள் அதை எதிர்த்து நின்ற காலம் அது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஏதாவது ஒரு மலைக்குப் போவார்கள், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் விளக்கிச் சொல்வார், பிறகு காலைச் சாப்பாடு. கட்டணம் கிடையாது. வீட்டில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வரலாற்று வகுப்பு." வாய்க்குப் பழகிய கோயிலுக்குப் பதிலாக அன்றைக்கு வரலாறு.

சமணர்மலைக்குக் கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலைத் தாண்டி, தாமரைக் குளத்தைத் தாண்டி, பாறையில் வெட்டிய படியில் ஏற வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதி மலையில் பேச்சிப்பள்ளம் என்று ஒரு சுனை. அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பார்சுவநாதர், பாகுபலி, இன்னும் சிலர். அடியில் வட்டெழுத்து. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு என்று சொன்னார்கள். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினார்கள். அந்தச் சிற்பங்களில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தியின் தாயார். அச்சணந்தி என்கிற சமண முனிவரின் பேர் இந்தப் பக்கத்தில் பல மலைகளில் இருக்கிறது. மகன் மலை மலையாகச் சுற்றியிருக்கிறார். அம்மா இந்த மலையில் தன் பேரை வெட்டி வைத்திருக்கிறார்.

அந்த அம்மா இங்கே ஏறி வந்தாரா, ஆள் விட்டுச் செய்யச் சொன்னாரா? ஏறித்தான் வந்திருப்பார் என்று நான் வைத்துக்கொண்டேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

இறங்கி வந்தபோது ஆலமரத்தடியில் பாய் விரித்திருந்தது. இளவட்டப் பையன்கள் இட்லி பரிமாறினார்கள். "அம்மா, சாம்பார் விடவா? இன்னும் ரெண்டு வைக்கிறேன்மா" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உட்கார்ந்திருக்க, ஆண்பிள்ளைகள் குனிந்து பரிமாற, எழுந்து போய் இலை எடுக்கிற அவசரம்கூட இல்லாமல் சாப்பிட்ட இட்லி அது. சமணத்தைப் பற்றி அன்று கேட்டதில் பாதி மறந்துவிட்டது. இட்லி மறக்கவில்லை. இப்படிச் சொன்னால் வரலாற்றுக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதமும் என்னை இழுத்துப்போனது ஆலமரத்தடிதான். வட்டெழுத்து கூடவே வந்தது.

அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கக் குகைக்குப் போனபோது தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் காட்டினார்கள். ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழசு. உப்பு வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொன்கொல்லன் என்று ஊர்க்காரர்களின் பேர்கள். முனிவர்களுக்குத் தானம் கொடுத்தவர்களாம். அந்தக் காலத்து மதுரைவாசியும் வேலைவெட்டியை விட்டுவிட்டு மலைக்கு வந்திருக்கிறான், ஆனால் காரணத்தோடுதான் வந்திருக்கிறான் என்று தோன்றியது. மேலே விழும் காற்று அவனுக்கும் பிடித்திருக்காதா? அதை யார் கல்லில் வெட்டுவார்கள்!

அரிட்டாபட்டியில்தான் என் குட்டு உடைந்தது. கழிஞ்சமலை அடிவாரத்தில் ஆட்டைப் பற்றிக்கொண்டு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "எந்த ஊருத்தா? சாமி கும்பிடவா வந்தீக?"

அங்கே 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில் உண்டு. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு வாய் வரவில்லை. "இல்லைங்க, சும்மாதான் வந்தோம். காத்து வாங்க."

"காத்து வாங்கவா? மதுரையிலிருந்தா?" அவர் சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டது. பிறகு, "நானும் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இந்த மலை அடியிலதான் இருக்கேன். விறகுக்குப் போயிருக்கேன், ஆட்டுக்குப் போயிருக்கேன். சும்மா ஏறுனதில்ல" என்றார். கூட வாருங்கள் என்று கூப்பிட்டேன். "பொழுதுக்குள்ள தண்ணி பிடிக்கணும், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார். காரணமில்லாமல் வெளியே போவது எனக்கு மட்டுமே மறுக்கப்பட்டது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவருக்கு மலையே வாசலில் இருந்தும் அதே கதி.

அந்த அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏரிகளும் சுனைகளும் லகர் வல்லூறும் இருக்கிற இடம். இரண்டே ஆண்டில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. 2025 ஜனவரியில் அதை எதிர்த்து ஊர் ஊராகச் சேர்ந்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். கூட்டத்தில் பெண்கள் ஏராளம். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதைச் சாதித்தது அந்த ஊர்க்காரர்கள். எங்களைப்போல ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட வருகிறவர்கள் இதில் பெருமை கொண்டாட ஒன்றுமில்லை. பெண்கள் அத்தனை பேர் அவ்வளவு தூரம் சாலையில் நடந்தார்கள், மிகப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அந்த ஆட்டுக்கார அம்மாவும் அதில் நடந்திருப்பார் என்று நினைக்கிறேன். காரணம் எதுவும் இல்லாமல் அவர் ஒரு நாள் அந்த மலைமேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்கு மனசு மட்டும் போதாது. மலையடிவாரத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை எனக்குத் தெரியும். வெயிலில் ஏறி மயங்கியும் விழுகிறார்கள், பழி வயசின் மேல் விழுகிறது. ஞாயிறு விடிகாலையில் மலையடி ஊர்களுக்குப் பஸ் வேண்டும். வண்டியோட்டத் தெரியாத பெண்ணுக்கு ஆட்டோக் காசு கேட்பதற்கே ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. குளக்கரையில், பூங்காவில், நிழலோடு சாய்மானப் பெஞ்சு வேண்டும். சிலைகளும் வண்ண நீரூற்றும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் இடத்தின் பேரைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. போக நினைக்கும் பெண்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். சமணர்மலைக்கு ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். வழுக்காத செருப்பு போடுங்கள். சேலையே போதும், சுடிதார் இல்லையே என்று தயங்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்கவும் செய்யுங்கள். வீட்டில் கேட்டால் மலைக்கு என்று சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.