பெட்டியைத் திறந்தோம்

எங்கள் காலனி இரவுப் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பென்டியம் 4. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்டது. "பழைய சோறு, பழைய துணி போட்டாங்க, இப்ப பழைய பொட்டியா?" என்று பெரியம்மா சிரித்தார்.

2012 ஏப்ரலில் அதில்தான் பஞ்சமி நில மனுவை அடித்துக்கொண்டிருந்தோம். 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஆணை போட்டு நம் சனங்களுக்கு ஒதுக்கிய நிலம். வேறு ஆட்களுக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. எந்தக் காணி யார் கையிலிருந்து எப்படிப் போனது என்று கிழவர்கள் சொல்லச் சொல்ல, பிளஸ் டூ முடித்த பெண்ணொருத்தி அடிப்பாள். அரை மணி நேரத்தில் பெட்டி பொசுக்கென்று அணைந்துவிடும். அடித்ததெல்லாம் போகும். "எத்தன தடவதான்டா சொல்றது?" என்று ஒரு தாத்தா எழுந்தே போய்விட்டார்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் வாசலில் நின்றபடியே சொன்னார்: "போர்டு போச்சு. தூக்கிப் போடுங்க. ஒங்காளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? தெறந்து கிறந்து வெச்சிராதீங்க."

அன்றைக்கு ராத்திரியே திறந்தோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். உள்ளே ஒரே தூசி. காற்றாடிக்கு முன்னால் பட்டைப் பட்டையாக இரண்டு கேபிள்கள் திரைச்சீலை மாதிரித் தொங்கின. ஒன்று 1.44 எம்பி ஃபிளாப்பி டிரைவுக்கு. ஃபிளாப்பியை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை. இன்னொன்று யாருக்கும் பயன்படாத பழைய ஹார்ட் டிஸ்குக்கு. அது சும்மா சுற்றிச் சூடேறிக்கொண்டிருந்தது. எங்கள் ஃபைலெல்லாம் வேறு டிஸ்கில். போதாததற்கு ஒரு மோடம் கார்டு; டெலிபோன் லைனே இல்லாத அறையில்.

எல்லாவற்றையும் கழற்றினோம். மோடம் இருந்த ஓட்டையைத் தகட்டால் மூடினோம். காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினோம். காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். பயாஸில் ஃபிளாப்பியை நீக்கினோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதைத் தேடி நின்றுவிடும். 82 டிகிரி காட்டியது 64க்கு இறங்கியது. போர்டுக்கு ஒரு கேடும் இல்லை. வேலை செய்யாதவை இடத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்வதை மூச்சுவிடாமல் அடித்திருந்தன. பழி மட்டும் வேலை செய்ததன் மேல்.

கழற்றியதைச் சாக்கில் கட்டும்போது பையன் கேட்டான்: "கேபிள எரிச்சா செம்பு கெடைக்கும்ல அண்ணே?"

எனக்குத் திக்கென்றது. கேபிள் எரிக்கிற புகையில் டயாக்சின் என்கிற நஞ்சு இருக்கிறது. அந்த நெருப்புக்கு முன்னால் குந்தியிருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே, மே 1 முதல், மின்னணுக் கழிவு விதிகள் அமலுக்கு வந்தன. தயாரித்தவனே கழிவுக்கும் பொறுப்பு என்றது சட்டம். ஆனால் எங்கள் சாக்கைத் தேடி யாரும் வரவில்லை. "எரிக்கக் கூடாதுடா" என்று பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் அந்தத் தாத்தாவைத் திரும்ப அழைத்து வந்தோம். மூன்று மணி நேரம் பேசினார். பெட்டி அணையவில்லை.