மொட்டைமாடிக் குறிப்பேடு

எங்கள் தெருவில் எனக்கொரு பட்டப்பெயர் உண்டு: 'வானம் பார்த்தான்'. மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் நிலத்தை 'வானம் பார்த்த பூமி' என்பதில்லையா, அதன் சாயலில் யாரோ ஒரு குறும்பர் சூட்டிய பெயர். நான் மழைக்காக வானம் பார்ப்பவன் அல்லன். சொல்லப்போனால், மேகம் கூடினால் ஊரே மகிழும்போது முகம் வாடுகிறவன் நான் ஒருவனே.

பகலில் வங்கியில் எழுத்தர் வேலை. இரவில் மொட்டைமாடியில் ஒரு பாய், ஒரு குறிப்பேடு, சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கு. இவற்றைக் கொண்டு சில விண்மீன்களின் ஒளி கூடுவதையும் குறைவதையும் எழுதி வருகிறேன். "இதனால் என்ன வரும்படி?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஞாயிறு விடியலில் ஏலகிரியின் ஒற்றையடிப் பாதைகளில் ஓடுகிறார். 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட நல்ல தார்ச்சாலை இருக்கும்போது கல்லும் முள்ளும் நிறைந்த தடத்தில் ஏன் ஓட வேண்டும் என்று அவரையும் கேட்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பித்து என்னைப் பிடித்தது 1986-இல். ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஹாலி வால்மீன் அவ்வாண்டு வந்திருந்தது. திருப்பத்தூரில் இருந்த எங்களுக்கு அது இரட்டைத் திருவிழா. அருகிலுள்ள ஜவ்வாது மலையின் காவலூரில், 2.3 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கிக்கு அதே ஆண்டு ஜனவரியில்தான் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். வால்மீன் போயிற்று, ஊர்க்காரர்களின் ஆர்வமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போயிற்று. பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்த நான் மட்டும் இரவில் மாடியேறுவதை விடவில்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வே தந்திப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாடியிலிருந்தபடியே, "தம்பி, வெறுமனே பார்க்கிறாயா, எழுதியும் வைக்கிறாயா?" என்று கேட்டார். எழுதுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் தம் குறிப்பேடுகளைக் காட்டினார். அலமாரியின் ஒரு தட்டு முழுக்க நிறைந்திருந்தன. நாள், நேரம், விண்மீன், அதன் பொலிவெண், வானத்தின் நிலை எனக் கோடு போட்ட பக்கங்கள். பொலிவெண் என்பது விண்மீனின் ஒளியை அளக்கும் எண். அது கூடக்கூட ஒளி மங்கும் என்பதை நினைவில் கொள்ள எனக்கே ஒரு மாதம் பிடித்தது.

அவர் எனக்குக் கொடுத்த முதல் விண்மீன் அல்கோல். வடவானில் பெர்சியஸ் என்னும் மீன்கூட்டத்தில் இருப்பது. பேயின் தலை என்று பொருள்படும் அரபுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. 2.1 என்ற பொலிவில் நின்றெரியும் அது, 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கத் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் 3.4 வரை இறங்கி, மீண்டும் அதே அளவு நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடும். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் என்ற இளைஞர் 1782-இல் இந்தக் கால ஒழுங்கைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 18, காது கேளாதவர். ஏதோ ஒரு இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைப்பதாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது நிறமாலை ஆய்வால் உறுதிப்பட்டது 1889-இல். குட்ரிக் 21 வயதிலேயே இறந்துபோனார்.

அளக்கும் முறை எளிது. அதனால்தான் அது கடினம். பொலிவு மாறாத பக்கத்து விண்மீன்கள் சிலவற்றின் எண்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அல்கோல் இதைவிட மங்கல், அதைவிட ஒளிமிக்கது என்று கண்ணாலேயே எடை போட்டு, இடையில் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பழகிய கண்ணும் பத்தில் ஒரு பங்கு பிழை செய்யும். பக்கத்திலேயே ரோ பெர்சி என்றொரு விண்மீன் ஒப்பிடத் தோதாக நிற்கும். அதனை நம்பக்கூடாது, ஏனெனில் அதுவும் மாறும் விண்மீன். "தராசுக்கல்லே எடை மாறினால் வியாபாரம் என்னாவது?" என்பார் பெரியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண் வரவேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் கண் அந்த எண்ணையே பார்க்கத் தொடங்கிவிடும்.

அவ்வாண்டு கார்த்திகைத் தொடக்கத்தில் மழை சற்று விட்டிருந்தது. நூலகத்தில் வந்த ஆங்கில இதழொன்றின் அட்டவணையில், அந்த வெள்ளிக்கிழமை 21.30 மணிக்கு அல்கோல் மிக மங்கும் என்று போட்டிருந்தது. இரவு ஒன்பதரை. பெரியவரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். ஆனால் அன்று மாலை நண்பர்கள் இரண்டாம் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். போய்விட்டேன். மறுநாள் காலையில் குறிப்பேட்டைத் திறந்து, 'இரவு 9.30 — 3.4 — வானம் தெளிவு' என்று எழுதினேன். வானம் தெளிவாகத்தான் இருந்தது; திரையரங்கை விட்டு வரும்போது பார்த்தேன். எண் அட்டவணையில் இருப்பதுதானே. இதில் பொய் எங்கே இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று பெரியவர் என் பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் குறிப்பேட்டைத் திறந்து அருகில் வைத்தார். 9.30 — 2.1. 12.30 — 2.4. 3.00 — 3.4.

"ஒன்பதரைக்கு மாடியில் இருந்தாயா, தம்பி?"

"இருந்தேன், ஐயா."

அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அட்டவணையை எடுத்து, அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். அதிலிருந்த நேரங்கள் எல்லாம் உலகப் பொது நேரம். நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 21.30 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணி. வெள்ளி இரவு ஒன்பதரைக்கு அல்கோல் மங்கவே தொடங்கவில்லை. நான் பார்க்காத ஒன்றை, நடக்காத நேரத்தில், பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு எழுதியிருந்தேன். அவர் அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, "காபி குடிக்கிறாயா?" என்று கேட்டார். அவர் திட்டியிருக்கலாம் என்று வீடு திரும்பும் வரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த மங்கல் எப்போது என்று இப்போது நானே கணக்கிட்டேன். சனி விடியல் மூன்று மணியோடு 2 நாள் 20 மணி 49 நிமிடம். திங்கள் இரவு 11.49. ஏழு மணிக்கே மாடியேறினேன். அட்டவணையைக் கீழேயே வைத்துவிட்டேன். அம்மா இருமுறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு போர்வையை மேலே போட்டுவிட்டுப் போனார். எட்டு மணி வரை மாற்றமில்லை. ஒன்பதரைக்கு ஓர் ஐயம். பத்தரைக்கு ஐயமில்லை; எந்நாளும் ஓங்கி நிற்கும் அந்த விண்மீன் தன் பக்கத்துச் சிறிய மீன்களோடு மீனாகக் கலந்துகொண்டிருந்தது. நள்ளிரவில் நான் மதிப்பிட்டது 3.3. புத்தகம் சொல்வதற்கு ஒரு பங்கு குறைவு. அப்படியே எழுதினேன்.

மறுநாள் பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொய்ப் பதிவைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். "கிழிக்காதே. படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடி. பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுது" என்றார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இத்துறையில் நம் மண்ணுக்கு ஒரு மரபு உண்டு என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். சென்னை வான்காணகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் வங்கத்து ராதா கோவிந்த சந்திரா. பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். யசோர் நகரின் கருவூலத்தில் சிறு ஊழியர். அவரையும் ஆட்கொண்டது ஹாலி வால்மீன்தான், 1910-இல் வந்தபோது. 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேல். அவருடைய உழைப்பைக் கண்டு அச்சங்கம் 1926-இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடலுக்கு அப்பாலிருந்து இரவலாக அனுப்பியது. அது பின்னர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, காவலூரை அடைந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு!

பெரியவர் மறைந்தபின் அவருடைய மகள் குறிப்பேடுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் வரிக்கு வரி ஒரே சொல்: 'மேகம்'. 'மேகம்'. 'மேகம்'. ஒன்றும் பார்க்க முடியாத இரவுகளிலும் மாடியேறி, முடியவில்லை என்பதை எழுதிவைத்திருக்கிறார். கடைசிக் குறிப்பேட்டில் எண்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறிகள் தோன்றத் தொடங்குகின்றன. முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாள்தோறும். இறுதிப் பதிவில் எண்ணே இல்லை: 'இரு கண்ணிலும் புரை. சென்ற ஆறு மாத மதிப்பீடுகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.'

அதற்கு அடுத்த பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அன்றிரவு கைவிளக்கோடு மாடிக்குப் போனேன். அவர் போட்டுவைத்திருந்த கோடுகளின் கீழே நாளையும் நேரத்தையும் எழுதிவிட்டு வடக்கே நிமிர்ந்து பார்த்தேன். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. கால்மணி நேரம் காத்திருந்து, அதையே எழுதினேன்.